ஏனென்று கேட்காமல் அனுப்பிய காசு

தம்பி,

இங்கே நாங்கள் சுகம், அங்கே நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டுத்தான் நான் எந்தக் கடிதத்தையும் தொடங்குவேன். இந்த முறை அந்த வரியின் இரண்டு பாதியும் பொய்யாக இருப்பதால் கை வரவில்லை. அம்மா சமைக்கிறாள், நான் சாப்பிடுகிறேன், பிறகு இரண்டு பேருமாக இருந்து போனைப் பார்க்கிறோம். நீ எடுப்பதில்லை. ஆனால் நான் அனுப்புகிற செய்திக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரத்தில் நீலக் கோடு விழுகிறது. நீ வாசித்துவிட்டாய் என்று அதற்கு அர்த்தமாம். அதைப் பார்த்ததும் அம்மா அடுப்படிக்குப் போய்விடுவாள். வாசிக்கிறாய் என்பது மட்டும்தான் இப்போது எங்களிடம் இருக்கிற நல்ல செய்தி. ஆகவே நீளமாக எழுதுகிறேன். வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்தாவது வாசி.

இதை இங்கே வருகிற தமிழ்ப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன் என்றதும் அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. வீட்டு விஷயத்தைக் கடைத்தெருவில் போடுகிற மனுசனோடு எப்படிக் குடும்பம் நடத்தினேனோ தெரியாது என்றாள். பெயர் போடமாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறேன். இங்கே இல்ஃபோர்ட்டிலும் கிங்ஸ்பரியிலும் சட்டனிலும் என்னைப் போன்ற தகப்பன்மார் நிறையப் பேர் இருக்கிறார்கள். கனடாவில் இருக்கிற பிள்ளை காசு கேட்டால் சட்டைப் பையைத் தட்டிக்கொண்டு கடைக்கு ஓடுகிறவர்கள். அவர்களும் வாசிக்கட்டும். புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை, அதனால் இதில் புத்தி குறைவாகத்தான் இருக்கும். நடந்ததைத்தான் எழுதப்போகிறேன்.

போன மாரிக் குளிரில் ஒரு சனிக்கிழமை நீ போன் எடுத்தாய். நான் பெற்றோல் ஸ்டேஷனில் காலை ஷிப்ட் முடித்து வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. நீ தமிழில் பேசினாய். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். நீ என்னோடு பேசுவது ஆங்கிலத்தில், அதில் 'அப்பா' என்ற ஒரு சொல்தான் தமிழ். அன்றைக்கு 'சாப்பிட்டீங்களோ' என்று கேட்டாய், முழங்கால் நோ எப்படி என்று கேட்டாய், பிறகு கேட்டாய்: "அப்பா, இஞ்ச காசைக் கையில குடுக்கிற ஆக்கள் உங்களுக்குத் தெரியும்தானே?" வீட்டின் பேஸ்மென்டைத் திருத்துகிறாய், வேலைக்காரன் காசாகத்தான் வாங்குவானாம், பாங்கில் ஏதோ தடங்கலாம், கொஞ்ச நாளில் திருப்பி அனுப்பிவிடுவாயாம். நான் தெரியும் என்றேன். அந்தத் 'தெரியும்' என்ற சொல்லை நான் எவ்வளவு ருசித்துச் சொன்னேன் என்பது உனக்குத் தெரியாது.

நீ படித்தவன். கவுன்சிலில் இருந்து கடிதம் வந்தால் வாசித்து விளக்கியது நீ. என் போனுக்கு எந்தத் திட்டம் மலிவு என்று பார்த்துத் தந்து, நான் இத்தனை காலமும் கட்டின காசைக் கேட்டுச் சிரித்ததும் நீ. கனடாவுக்குப் போய்க் கலியாணம் கட்டி வீடு வாங்கினபோது இன்டர்நெட்டைக் கேட்டாய், என்னைக் கேட்கவில்லை. எனக்கு அதில் கோபம் இல்லை, பிள்ளை தகப்பனைத் தாண்டிப் போவதற்குத்தானே படிக்க வைக்கிறோம். ஆனாலும் மனுசனுக்கு ஒரு ஆசை இருக்கும், தன் பிள்ளைக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று. காசை நாடு விட்டு நாடு கொண்டுபோவது எங்கள் தலைமுறை தேறிய ஒரே பாடம். அதில் நீ என்னிடம் வந்து நின்றாய். பாங்கால் முடியாததை உன் அப்பா முடித்துத் தருவான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். உனக்காகப் பாங்குக்காரனை வழியெல்லாம் திட்டிக்கொண்டும் போனேன்.

உண்டியலைப் பற்றி உன் வயதுப் பிள்ளைகள் சிலர் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார்கள், அதனால் வாசிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன். இல்ஃபோர்ட்டில் ஒரு நகைக்கடையில் நான் பவுண்ஸைக் கொடுத்து உன் பெயரையும் போன் இலக்கத்தையும் சொன்னால், அன்று பின்னேரமே உங்கள் ஸ்காபரோவில் ஒருவர் உனக்கு டொலரைக் கையில் கொடுப்பார். ரசீது இல்லை, கையெழுத்து இல்லை, நம்பிக்கைதான். அதில் எழுதப்படாத ஒரு மரியாதை இருந்தது. ஏன் அனுப்புகிறாய் என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது. ஊரில் சண்டை நடந்த காலத்தில் அந்தக் காசு யாருடைய தம்பியையோ வெளியே எடுக்கப் போகும், யாருடைய தாயின் செத்தவீட்டுக்கோ போகும். ஏன் என்று கேட்டால் ஒரு ஆம்பிளை கடைக்கு நடுவில் நின்று அழ வேண்டி வரும். அதற்காக வந்த மரியாதை அது. சண்டை முடிந்த பிறகும் அந்த மரியாதை மட்டும் எங்களோடு தங்கிவிட்டது, நானும் அதை உன்னிடம் காட்டினேன். பெற்ற பிள்ளையிடம் யாராவது அந்த மரியாதையைக் காட்டுவார்களா?

நீ திரும்பவும் எடுத்தாய். பிறகும் எடுத்தாய். ஒவ்வொரு தரமும் தமிழில். ஒவ்வொரு தரமும் பேஸ்மென்டில் ஏதோ ஒன்று உடைந்தது. ஒருமுறை அம்மா கேட்டாள், அந்தப் பேஸ்மென்டுக்குக் கீழே இன்னொரு வீடு கட்டுகிறானோ என்று. நான் அவளோடு சண்டைக்குப் போனேன். கனடாக் குளிரில் வீடு வைத்திருப்பது என்னவென்று உனக்குத் தெரியுமோ என்று கேட்டேன். எனக்கும் தெரியாது. நான் கனடாவுக்கு வந்தது உன் கலியாணத்துக்கு மட்டும், அதுவும் நல்ல வெயிலில்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் கௌசி எடுத்தாள். அங்கே காலை, நீ வேலைக்குப் போயிருந்தாய். கௌசி உன் மனைவி என்பதால் சொல்லவில்லை, அந்தப் பிள்ளை தேவையில்லாமல் ஒரு சொல் பேசாதவள். என்னிடம் காசு வாங்கினாயா என்று கேட்டாள். நான் பேஸ்மென்ட் கதையைச் சொன்னேன். பேஸ்மென்டை யாரும் தொடவில்லை மாமா என்றாள். நோய் என்று நினைத்தேன், வேறொரு பெண் என்று நினைத்தேன், வேலை போய்விட்டது என்று நினைத்தேன். போக்கர் என்றாள். போனில் ஆடுகிற சீட்டாட்டம் என்றாள். உண்மையைச் சொல்லுகிறேன் தம்பி, எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. சீட்டுத்தானே. நானும் கலியாண வீடுகளில் முந்நூற்றி நாலு சீட்டாட்டத்துக்குக் கதிரை இழுத்துப் போடுகிறவன்தான். அந்த ஆறுதலில் அவளிடம், நல்லா விளையாடுறானோ என்று கேட்டுவிட்டேன். அவள் அழுதாள். நான் செய்ததெல்லாவற்றிலும் அந்தக் கேள்வியை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் முகத்தை எங்கே வைப்பதென்று தெரிவதில்லை.

நீ கெட்டிக்காரன்தானாம். அதுதான் கேடு என்றாள். தொடர்ந்து தோற்கிறவன் ஒரு நாள் விட்டுவிடுவான், இடையில் வெல்கிறவனால் முடியாதாம். பிறகு காசு எப்படிப் போகிறது என்று விளங்கப்படுத்தினாள். காசு ஓடுகிற வழி என்றால் எனக்கு மூளை வேலை செய்யும், அதனால் குடைந்து குடைந்து கேட்டேன். பாங்க் கார்ட் ஒரு வழி. ஈமெயிலில் காசு அனுப்புவது உங்கள் ஊரில் இன்னொரு வழி. போனுக்குள் பர்ஸ் வைத்துக்கொள்வது ஒரு வழி. கண்ணுக்குத் தெரியாத நாணயம் ஒரு வழி. மூலைக்கடையில் காசைக் கொடுத்து இலக்கம் அச்சடித்த துண்டை வாங்கி, அந்த இலக்கத்தைப் போனில் தட்டுவது கடைசி வழி. எந்த வழியால் போனாலும் உள்ளே போவதற்கு விரல் வைக்கிற நேரம்தான். வெளியே வருவதற்கு நாள்கணக்கு. அடையாளம் காட்டு, வீட்டு பில் காட்டு, பொறு என்பார்களாம். அப்படிப் பொறுத்திருக்கிற நாட்களில், கேட்ட காசைத் திரும்ப ஆட்ட மேசைக்கே அனுப்ப ஒரு பட்டன் வைத்திருக்கிறார்களாம். நீ ஒரு தரம் பெரிதாக வென்றபோது இரண்டு பேருமாக இருந்து காசை வெளியே எடுக்கக் கொடுத்தீர்களாம். கோயிலுக்கும் போய் வந்தீர்களாம். அது பாங்குக்கு வந்து சேர முன்னம் நீ அந்தப் பட்டனை அழுத்திவிட்டாய். நான் எத்தனையோ உண்டியல்காரரைப் பார்த்திருக்கிறேன், அதில் கள்ளரும் இருந்தார்கள். அவர்களில் ஒருவன்கூட, காசு இன்னும் போகவில்லை, திரும்ப வேணுமோ என்று வழியில் மறித்துக் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் என்ன செய்தீர்கள் என்பதையும் சொன்னாள். நீயாகவே பாங்குக்குப் போய், சூதாட்டத்துக்கு என் கார்டில் காசு விடாதேங்கோ என்று கேட்டிருக்கிறாய். உன் சம்பளத்தை அவளுடைய கணக்குக்கு மாற்றியிருக்கிறாய். உங்கள் மாகாணத்தில் இருக்கிற சூதாட்டத் தளங்களுக்கு, என்னை உள்ளே விடாதே என்று நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய். போனில் இருந்த பர்ஸ்களை அவளுக்கு முன்னால் அழித்திருக்கிறாய். வெளிநாட்டுத் தளங்கள் சில ஆளைப் பார்ப்பதில்லையாம், ஆனால் காசில்லாமல் அவற்றாலும் ஒன்றும் செய்ய ஏலாது. கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தீர்களாம். நீ வடிவாக நித்திரை கொண்டாயாம். பிறகு அவள் சொன்னாள்: "மாமா, நாங்கள் ரெண்டு பேரும் இருந்து எல்லா வழியையும் அடைச்சனாங்கள். ஒண்டே ஒண்டு மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்தது. அது நீங்கள்."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் மறுத்துப் பேசியிருப்பேன், எனக்கு வாய் உண்டு. நான் கொடுத்த காசு உன் கைக்கு வந்தது, கையில் இருந்து மூலைக்கடைக்குப் போனது, அங்கே துண்டானது, போனுக்குள் போனது. உன்னுடைய பாங்க், உன்னுடைய அரசாங்கம், உன்னுடைய மனைவி எல்லோரும் கைகோத்து மறித்ததை, இல்ஃபோர்ட்டில் இருந்து ஒரு கிழவன் பஸ் எடுத்துப் போய்த் திறந்துவிட்டிருக்கிறான். அந்தக் காசு எங்களுக்கு வயது போனால் என்று அம்மா ஒதுக்கி வைத்தது. அது போகட்டும், அதைப் பற்றி அம்மா உன்னிடம் ஒரு நாளும் பேசமாட்டாள், நானும் பேசமாட்டேன்.

எனக்குத் தாங்க முடியாதது வேறொன்று. பாங்குக்காரனுக்கு முன்னால் போய் நின்று, என்னால் என்னை அடக்க முடியவில்லை, நீ அடக்கு என்று கேட்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும். என் பிள்ளைக்கு அது இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகும் நீ என்னை அழைத்திருக்கிறாய் என்றால், அந்தச் சனிக்கிழமை நீ காசைத்தான் கேட்டாயா என்று யோசிக்கிறேன். சாப்பிட்டீங்களோ என்றாய். முழங்காலைக் கேட்டாய். அந்த இடத்தில் நான், ஏன் தம்பி, என்ன நடந்தது என்று கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாயோ? அல்லது இன்னொரு பொய்யைத்தான் சொல்லியிருப்பாயோ? அம்மா சொல்லியிருக்கமாட்டாய் என்கிறாள். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள். எனக்கு விடை தெரியாது, உனக்கும் இப்போது தெரியாமல் இருக்கலாம்.

அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், திரும்பவும் நீ கேட்டால் என்ன செய்வேன் என்று. கொடுக்கமாட்டேன் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு என்னைத் தெரியும். எனக்கும் என்னைத் தெரியும். நீ 'அப்பா' என்று குரலை இறக்கிச் சொன்னால் நான் சப்பாத்தைத் தேடத் தொடங்கிவிடுவேன். அதனால் நீ பாங்கில் செய்ததையே நான் நகைக்கடையில் செய்தேன். ஒரு கலியாணக் குடும்பம் தாலிக்கொடி பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தால் துணிவு போய்விடும் என்று தெரிந்ததால், அவர்களுக்கு முன்னாலேயே கடைக்காரரிடம் சொன்னேன்: "தம்பி, இனிமேல் நான் வந்து என்ர மகனுக்கு அனுப்பச் சொன்னாலும் அனுப்பாதேங்கோ. கெஞ்சினாலும் அனுப்பாதேங்கோ." அந்த மனுசன் இவ்வளவு காலமும் யாரிடமும் கேட்காததை என்னிடம் கேட்டார். "ஏன் அண்ணை?" என்றார். நான் சொன்னேன். தாலி பார்க்க வந்தவர்களும் கேட்டார்கள். அந்தத் தாய் தன் மகனைத் திரும்பிப் பார்த்தாள். மற்றக் கடைக்காரருக்கும் சொல்லட்டுமா என்று அவர் மெதுவாகக் கேட்டார். சொல்லுங்கோ என்றேன். வெளியே வந்து பஸ் தரிப்பில் இருந்தபோது, வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு நீ எடுத்தாய். தமிழில்தான். கடைசித்தரம் என்றாய். நான் முதல்முறையாகக் கேட்டேன்: "எதுக்குத் தம்பி?" நீ, "உங்களுக்குத் தெரியும் போல" என்றாய். ஓம் என்றேன். கௌசியில் கோபிக்காதே என்றேன். இனிமேல் என்னால் ஏலாது, கடையிலும் சொல்லிவிட்டேன் என்றேன். இதையெல்லாம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று அம்மாவோடு இருந்து பழகி வைத்திருந்தேன், ஆனால் போனில் சொன்னபோது பெற்றோல் ஸ்டேஷனில் கார்ட் வேலை செய்யவில்லை என்று சொல்கிற குரலில்தான் வந்தது. நீ "சரி அப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

சரியானதைச் செய்தால் மனது லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. நீ வேலைக்குப் போகிறாய், வருகிறாய், சாப்பிடுகிறாய், பேசுவதில்லை என்று கௌசி சொல்கிறாள். விட்டுவிட்டாயா, அல்லது நாங்கள் மூன்று பேருமே அறியாத வேறொரு வழியைக் கண்டுபிடித்துவிட்டாயா என்று அவளுக்கும் தெரியாது. நான் வேலை செய்கிற இடத்திலும் அந்த மாதிரி இலக்கத் துண்டுகள் விற்கிறோம். முன்பு நான் அதைக் கவனித்ததே இல்லை, பால் விற்பது போல விற்பேன். இப்போது வேலை உடுப்போடு ஒரு இளம் பிள்ளை வந்து அதைக் கேட்டால் என் கை நிற்கிறது. ஒருவனிடம் கேட்டும்விட்டேன், எதற்கு என்று. அவன் மேலும் கீழும் பார்த்துவிட்டு, உன் வேலையைப் பார் என்றான். சரியான பதில்தான். துண்டை அச்சடித்துக் கொடுத்தேன். என்னிடம் வாங்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவான், அதை எதிர்த்து என்னால் ஒன்றும் செய்ய முடியாது. உன்னுடைய ஊரில் எத்தனை மூலைக்கடை இருக்குமோ, அங்கே எத்தனை அப்பாமார் கவுண்டரில் நிற்பார்களோ.

ஆகவே உனக்குச் சொல்ல என்னிடம் புத்தி ஒன்றும் இல்லை. விட்டுவிடு என்று எழுதலாம். விட வேண்டும் என்று என்னைவிட நீ அதிகம் விரும்பியவன், அதற்காக வாசல் வாசலாகப் போனவன், உனக்கு அதை எழுதி என்ன? கௌசியிடம் மறைக்காதே என்று எழுதலாம். கோயிலுக்குப் போ என்று அம்மா எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். யாரோ படித்தவர்களிடம் போய்ப் பேசலாமாம், கௌசி ஒரு இடம் பார்த்து வைத்திருக்கிறாள், போனால் நல்லது. போகாவிட்டால் நான் என்ன செய்ய, கடலுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு?

ஒன்று மட்டும் எனக்கு இப்போது விளங்குகிறது. அன்றைக்கு நான் காசை நிறுத்தினேன், நீ அதோடு சேர்த்து உன் குரலையும் நிறுத்திக்கொண்டாய். கேட்பதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் அப்பாவுக்கு எடுத்து என்ன பேசுவது என்று உனக்குத் தெரியாமல் இருக்கலாம். அது உன் பிழை இல்லை, எங்களுக்குள் வேறு பேச்சை நான் பழக்கவில்லை. அதனால் காசு கேட்கத்தான் என்றாலும் எடு, தம்பி. பொய் சொல்லத்தான் என்றாலும் எடு, பேஸ்மென்ட் இன்னொரு தரம் உடையட்டும். நான் ஏன் என்று கேட்பேன், பிறகு இல்லை என்றுதான் சொல்லுவேன். அடுத்த நாளும் எடுத்துக் கேள். அதற்கும் இல்லை என்பேன். உனக்கு இல்லை என்று சொல்வதற்காவது நீ எடுக்க வேண்டும்.

அப்பா